கொலாஜ் தொடங்குகிறவர்களுக்கு: எதை வெட்டுவது, எதைப் பின்தொடர்வது

கொலாஜ், அதாவது தாள்களையும் படங்களையும் வெட்டி ஒட்டிச் செய்யும் படம், செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் அதிகம் சொல்வது, "ஆசை இருக்கிறது, ஆனால் என்ன செய்வது என்று ஒன்றும் தோன்றவில்லையே" என்பதுதான். வெள்ளை அட்டை ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு நல்ல யோசனைக்காகக் காத்திருக்கிறார்கள். பென்சில் பிடிக்கிறவர் வெறும் தாளில் ஒரு கோடாவது இழுத்துப் பார்க்கலாம். கொலாஜில் துண்டுகள் கையில் இல்லாமல் யோசிப்பதற்கே எதுவும் கிடையாது. முதலில் தாள், அப்புறம் அந்தத் தாளைப் பற்றி மனதில் எழும் ஒரு கேள்வி, அதற்கும் பிறகுதான் படம். இந்த வரிசையில் போனால் "எனக்குக் கற்பனை குறைவு" என்ற பயத்துக்கு இடமே இருக்காது. அதிகச் செலவில்லாமல், வீட்டிலிருந்தபடியே அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் மாதம் சேர்ப்பது மட்டும்

கத்தரியை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஒரு மாதம் சேர்த்தாலே போதும்.

சேர்க்க நல்ல இடம் உங்கள் தெருமுனையில் இருக்கும் பழைய பேப்பர் கடை. செய்தித்தாளை எடைக்கு வாங்குகிற கடைக்காரர் வாரப் பத்திரிகைகளையும் பாடப்புத்தகங்களையும் தனியாக அடுக்கி வைத்திருப்பார். "அண்ணே, கொஞ்சம் பொறுக்கி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. அவர் வாங்கிய விலைக்குமேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், அடுத்த முறை உங்களுக்காகவே எடுத்து வைப்பார். சென்னையில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதை, கோவையில் உக்கடம் என்று பழைய புத்தகத்துக்குப் பேர்போன இடங்களும் உண்டு. ஆனால் அங்கே புத்தகத்தைப் படிக்கிறவருக்காக விற்கிறார்கள், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். வெட்டுவதற்கு வாங்குகிறவருக்கு எடைக்கடைதான் தோது. அட்டை கிழிந்தது, பாதிப் பக்கம் போனது எல்லாம் அங்கேதான் கிடைக்கும். வாங்கும்போது பக்கங்களை விரித்து ஒரு உதறு உதறிப் பாருங்கள். இராமபாணப் பூச்சி இருந்தால் அந்தக் கட்டை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உங்கள் அலமாரி முழுக்கப் பரவிவிடும்.

வீட்டுக்குள்ளும் தேடுங்கள். நாள்காட்டியில் கிழித்த தாள்கள், தேதி முடிந்த கல்யாணப் பத்திரிகைகள், கோயில் திருவிழா நோட்டீஸ், பேருந்துச் சீட்டு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள், விதைப் பொட்டலம், ஊதுபத்தி அட்டை, தையல்காரர் அளவு வெட்டிய பழுப்புத் தாள், தீப்பெட்டி லேபிள். சிவகாசியில் அச்சாகிற நிறங்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அந்த இளஞ்சிவப்பையும் கிளிப்பச்சையையும் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இணையத்தில் பார்த்த யாரோ ஒருவரின் கொலாஜ் மாதிரி வர வேண்டும் என்று விக்டோரியா காலத்துச் சீமாட்டிகளின் படங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எதை எடுப்பது? பக்கத்தைப் புரட்டும்போது கண் எங்கே நிற்கிறதோ அதை எடுங்கள். காரணம் தேட வேண்டாம். "இது எதற்கு உதவும்" என்று கேட்கத் தொடங்கினால் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றை மட்டுமே எடுப்போம். எடுத்த துண்டின் பின்பக்கம் பென்சிலால் மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: எங்கே கிடைத்தது, என்ன தேதி, எது உங்களை நிறுத்தியது. மூன்றாவதுதான் பின்னால் உதவப்போகிறது. அதனால் "அழகு" என்றோ "பழமை" என்றோ எழுதி முடிக்காதீர்கள். "அச்சு நகர்ந்து, உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழுந்திருக்கிறது" என்று கண்ணில் பட்டதை எழுதுங்கள்.

இப்படிச் சின்னதாக ஒன்றைக் கவனிப்பதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இங்கிலாந்தின் மேரி டெலானியைச் சொல்வேன். 1700இல் பிறந்தவர். தம் 72ஆவது வயதில், அறையில் கிடந்த ஒரு சிவப்புத் தாளும் பக்கத்தில் இருந்த ஜெரேனியம் பூவும் ஒரே நிறமாக இருப்பதைப் பார்த்தார். உடனே கத்தரியை எடுத்து இதழ் இதழாக வெட்டத் தொடங்கினார். அவர் தங்கியிருந்த வீட்டின் அம்மையார், அவருடைய தோழி, உள்ளே வந்து பார்த்தபோது நிஜப் பூவைத்தான் பிரித்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த நிறப்பொருத்தம் அவரை விடவில்லை. பூக்களைப் பிரித்துப் பார்த்தார், மகரந்தத்தாள்களை எண்ணினார், நூற்றுக்கணக்கான நுண்ணிய துண்டுகளைக் கறுப்புப் பின்னணியில் ஒட்டி ஒவ்வொரு செடியையும் செய்தார். கண் மங்கிப்போய் 1782இல் நிறுத்தும்வரை அவர் செய்த படங்கள் ஆயிரத்துக்குச் சற்றே குறைவு. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. தாவரவியலாளர்கள் மதித்த அளவுக்கு அவற்றில் துல்லியம் இருந்தது. "பூக்களை வைத்து ஒரு கலைத்தொடர்" என்று திட்டம் போட்டு உட்கார்ந்தவர் இல்லை அவர். ஒரு தாளின் நிறம் எங்கே கூட்டிப்போனதோ அங்கே போனவர்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஏது என்றால், ஜோசப் கார்னெல் இருக்கிறார். நியூயார்க்கில் துணி விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர். அம்மாவையும் மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட தம்பியையும் கவனித்துக்கொண்டு குவீன்ஸ் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் வாழ்ந்தார். வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் மன்ஹாட்டன் பழைய புத்தகக் கடைகளிலும் மலிவுப் பொருள் கடைகளிலும் நுழைந்து வருவார். கிடைத்ததையெல்லாம் வீட்டின் நிலவறையில் பெயரெழுதிய பெட்டிகளில் போட்டுவைத்தார். ஒரு பாலே நடனக்காரி, பறவைகள், விண்மீன்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு, சில கோப்புகள் பல வருடம் வளர்ந்துகொண்டே இருந்தன. பெரிய பயணம் எதுவும் செய்யாதவர். ஆனால் அவருடைய கொலாஜ்களிலும் கண்ணாடிப் பெட்டிகளிலும் ஐரோப்பிய ஹோட்டல்களும் வானமும் வந்து நிற்கின்றன.

வெட்டக் கூடாதது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட நினைத்தேன், ஆனால் நம் ஊரில் இது பெரிய விஷயம்.

ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கிற எதையும் வெட்டாதீர்கள். தாத்தாவின் கையெழுத்துக் கடிதம், குடும்பப் புகைப்படம், நாடகக் குழுவின் பழைய துண்டறிக்கை, ஐம்பதுகளின் கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் முதலில் ஸ்கேன் செய்யுங்கள், பிரிண்ட் எடுத்து அதை வெட்டுங்கள். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, அழைப்பிதழ், துண்டறிக்கை என்று மற்றவர்கள் தூக்கிப்போடுகிறதைச் சேர்த்தே வாழ்நாளைக் கழித்தார். அவர் மறைந்த பிறகு அந்தத் திரட்டுதான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆனது. உலகத்தின் எந்த மூலையில் தமிழ் வரலாற்றை ஆராய்கிறவரும் இன்று அங்கே வந்துதான் ஆக வேண்டும். எடைக்கடையில் உங்கள் கையில் அரிதான ஒன்று சிக்கினால் வெட்டுவதற்கு முன் இப்படிப்பட்ட ஒரு நூலகத்தைக் கேளுங்கள். அவர்களிடம் இல்லாததாக இருக்கலாம்.

அடுத்தது சாமி படம். காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் சாமி இல்லாமல் இருக்காது. கிழிந்த படத்தைக் கூடக் குப்பையில் போட மனசில்லாமல் அரசமரத்தடியில் கொண்டுவைக்கிறவர்கள் நாம். அந்த மரத்தடியிலிருந்து எடுத்து வெட்டாதீர்கள். அது ஒருவர் வணங்கிய பொருள். என் பழக்கம், சாமியின் முகத்தை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை எடுப்பது: மேகம், மயில், தாமரைக்குளம், திரைச்சீலையின் மடிப்பு. அச்சுப்படத்தின் அழகில் பாதி அங்கேதான் இருக்கிறது. உங்கள் எல்லை வேறாக இருக்கலாம். ஆனால் கத்தரியை எடுக்கும் முன்பே அதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

சாமி படத்தின்மேல் ஒட்டுவதும் நமக்குப் புதிது இல்லை. ரவிவர்மா அச்சகத்துப் படங்கள் வந்த காலத்தில் செட்டிநாட்டு வீடுகளில் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நிஜத் துணியில் சேலை வெட்டி ஒட்டி, ஜரிகையும் சமிக்கியும் வைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். பழம்பொருள் கடைகளில் இன்றும் அவை கிடைக்கின்றன. அச்சிட்ட சேலை எங்கே முடிகிறது, துணிச் சேலை எங்கே தொடங்குகிறது என்று கிட்டப்போய்ப் பாருங்கள். விளிம்பை எப்படி மறைப்பது என்று அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

குவியலை விரித்துப் பார்ப்பது

மாதம் முடிந்ததா? இப்போது எல்லாவற்றையும் தரையில் விரியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பூக்கள், மனிதர்கள், கட்டடங்கள் என்று பிரிக்கத் தோன்றும். அப்படிப் பிரிக்க வேண்டாம். பின்பக்கம் எழுதிய மூன்றாவது வரியைப் படித்து, ஒரே மாதிரி உங்களை நிறுத்தியவற்றை ஒன்றாக வையுங்கள். ஒரு குவியலில் "ஏதோ மூடியிருக்கிறது" என்பது திரும்பத் திரும்ப வரலாம்: திரை, குடை, முக்காடு, மூடிய கடை. இன்னொன்றில் எல்லாமே விளிம்பில் வெட்டுப்பட்ட உருவங்களாக இருக்கலாம். இவற்றை நீங்கள் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை, உங்கள் கண் சேர்த்திருக்கிறது. எதில் உங்களுக்கு ஆர்வம் என்று யாராவது நேரடியாகக் கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது.

ஜெர்மனியின் கொலாஜ் கலைஞர் ஹன்னா ஹோக் இதைத் தனி வேலையாகவே செய்தார். பெர்லினில் ஒரு பெரிய பத்திரிகை நிறுவனத்தில் 1916 முதல் பத்தாண்டு, பெண்கள் இதழ்களுக்குப் பூவேலைப்பாடு, பின்னல் மாதிரிகள் வரைந்துகொண்டிருந்தவர். பத்திரிகைப் படங்கள் அவரைச் சுற்றி மலையாய்க் கிடந்தன. 1933 வாக்கில் அவர் ஒரு தொகுப்பேடு செய்தார். பழைய இதழ்களின் பக்கங்கள் மேலேயே நானூறுக்கும் மேற்பட்ட படங்களை ஒட்டினார். செடியின் நெருக்கப் படம், விமானத்திலிருந்து எடுத்த நிலம், நடனக்காரர்கள், விலங்குகள், குழந்தைகள் என்று எதுவும் கொலாஜாக மாற்றப்படாமல், ஒன்றுக்கொன்று அருகில் மட்டும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பக்கத்தைப் பார்த்தால் ஒரு செடியின் சுருளுக்கும் ஒரு நடனக்காரியின் முதுகுக்கும் உறவு தெரிகிறது. நீங்களும் ஒரு பழைய டைரியை எடுத்து இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். இதில் கலை செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, அதனாலேயே கை பயமில்லாமல் போகும்.

கேள்வியைப் பிடித்துக்கொண்டு வெளியே போவது

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். குவியலில் ஒரு ஒற்றுமை தெரிந்ததும் ஒட்ட உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒற்றுமையைக் கேள்வியாக மாற்றி, தாளுக்கு வெளியே கொண்டுபோங்கள். எப்படி என்று என் குவியலையே வைத்துக் காட்டுகிறேன்.

பழைய வாரப் பத்திரிகைகளிலிருந்து நான் எடுத்தவற்றில் கைகள் அதிகம் இருந்தன. சோப்பைப் பிடித்த கை, தைலப் புட்டியைப் பிடித்த கை, பேனா, டார்ச் லைட், காப்பித் தம்ளர். அடுக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: இந்த விளம்பரங்களில் ஒரு கை கூடச் சும்மா இல்லை. கைக்கு வேலையே பொருளைக் காட்டுவதுதான். அங்கே கேள்வி வந்தது. எதையும் பிடிக்காத கை எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்வியோடு எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போனேன். அங்கே முதல் பார்வையில் கைகள் எல்லாம் நிறைந்துதான் இருக்கின்றன. நடராசரின் பின்கை ஒன்றில் உடுக்கை, மற்றொன்றில் தீ. முன்கை ஒன்று அஞ்சாதே என்கிறது, இன்னொன்று தூக்கிய காலைக் காட்டுகிறது. ஆனால் அம்மன் திருமேனிகளுக்கு முன் நிற்கும்போது வேறு ஒன்று தெரியும். வலது கை கடக முத்திரையில் இருக்கும். விரல்கள் வளைந்து நடுவில் ஒரு சின்ன இடைவெளி. பூசையின்போது அங்கே நிஜப் பூவைச் செருகுவார்கள். அதற்காகவே சிற்பி அந்த இடத்தைக் காலியாக வார்த்திருக்கிறார். அருங்காட்சியகத்தில் பூ இல்லை. கை மட்டும் காத்திருக்கிறது.

அப்புறம் தஞ்சாவூர்க் கலைக்கூடத்து ரிஷபவாகனர். திருவெண்காட்டில் கிடைத்த, 11ஆம் நூற்றாண்டுச் சோழர் படிமம். சிவன் பக்கத்தில் நிற்கும் காளையின் மேல் முழங்கையை ஊன்றியபடி சாய்ந்திருக்கிறார். அந்தக் காளை இன்று இல்லை. வெறும் காற்றின் மேல் இவ்வளவு இயல்பாக ஒரு கை சாய்ந்திருப்பதைப் பார்த்தபிறகு வீட்டிலிருந்த சோப்பு விளம்பரங்கள் எனக்கு முழுக்க வேறாகத் தெரிந்தன.

திரும்பி வந்து செய்த வேலை எளிமையானது. விளம்பரக் கைகள் பிடித்திருந்த பொருட்களைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டேன். சோப்பு போய், சோப்பின் வடிவத்தில் ஓர் ஓட்டை. சில கைகள் பொருள் போனதும் ஆசீர்வதிக்கிற மாதிரி ஆகிவிட்டன, சில யாசிக்கிற மாதிரி. அந்த ஓட்டைகளுக்குப் பின்னால் ஒரே ஒரு நீல வானத் தாளை வைத்ததில் ஒரு தொடர் பிறந்தது. கைகளைச் சேர்த்த அன்றே ஒட்ட உட்கார்ந்திருந்தால் அழகான கைகளால் ஒரு வட்டமோ மரமோ செய்திருப்பேன். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அதில் கண்டுபிடிப்பு எதுவும் இருந்திருக்காது.

உங்கள் கேள்வி உங்களை எங்கே அனுப்பும் என்று நான் சொல்ல முடியாது. குடைகள் என்றால் குடை பழுதுபார்க்கிறவரிடம் போய்ப் பேசுங்கள். மூடிய கடைகள் என்றால் ஞாயிறு காலையில் கடைத்தெருவில் நடந்து ஷட்டர்களைப் பாருங்கள். காலண்டர் மேகங்கள் என்றால் கோவில்பட்டிக்குப் பேர் வாங்கித் தந்த காலண்டர் ஓவியர் கொண்டையா ராஜுவைப் பற்றிப் படியுங்கள். அவர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர் என்று தெரிந்தால், காலண்டர் சாமிகளுக்குப் பின்னால் ஏன் அப்படி ஓர் அரங்கக் காட்சி விரிகிறது என்ற யோசனை உங்களுக்கே வரும். இந்தப் படியில் மற்றவர்களின் கொலாஜ்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அவற்றிலிருந்து கிடைப்பது அவர்களுடைய விடை, உங்களுக்கு வேண்டியது உங்கள் கேள்விக்கான தீனி.

தெருச் சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சினிமா போஸ்டர், அதன்மேல் கண்ணீர் அஞ்சலி, அதன்மேல் பூப்புனித நீராட்டு விழா, மழையில் ஊறிப் பாதி உரிந்து, கீழே இருக்கிறவரின் ஒற்றைக் கண் தெரியும். பாரிஸில் ரேமோன் அன்ஸ், ஜாக் வில்லெக்லே என்ற இரண்டு பேர் 1949இல் இப்படிக் கிழிந்த சுவரொட்டிகளைப் பெயர்த்தெடுத்து அதையே படைப்பாக வைத்தார்கள். நீங்கள் பெயர்க்க வேண்டியதில்லை, போனில் படம் எடுத்தால் போதும். எந்த அடுக்கு எதை மறைக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

வைத்துப் பார்ப்பது

இப்போது கத்தரி. கூடவே ஒரு கத்தி வேண்டும். சர்ஜிகல் கடையில் 3ஆம் எண் கைப்பிடியும் 11ஆம் எண் பிளேடும் கேளுங்கள், நுண்ணிய வளைவுகளுக்கு அதைவிட நல்லதும் மலிவானதும் இல்லை. கழிந்த பிளேடுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். அடியில் வைத்து வெட்ட ஒரு ரப்பர் பாய் அல்லது தடித்த அட்டை.

முதல் படங்களுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று துண்டுகள் மட்டும், அல்லது ஒரே பத்திரிகை இதழ் மட்டும், அல்லது ஒரே நிறம். வரம்பு இருந்தால் ஒவ்வொரு துண்டையும் உற்றுப் பார்க்கத்தான் வேண்டும். முப்பது துண்டுகளைக் கொட்டி நிரப்பும்போது எதையும் நாம் பார்ப்பதே இல்லை.

ஒட்டாமல் வைத்து நகர்த்துங்கள். ஒவ்வொரு அமைப்பையும் போனில் படம் எடுங்கள், பிறகு அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்சமும் நிழலும் போதவில்லை என்று அர்த்தம். அட்டையைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். பெயர் சொல்லக்கூடிய பொருட்கள் மறைந்து, வடிவங்கள் மட்டும் தெரியும்.

அளவை மாற்றிப் பார்க்கவும் தயங்காதீர்கள். அமெரிக்க ஓவியர் ரொமேர் பேர்டன் 1960களின் தொடக்கத்தில் பத்திரிகைத் துண்டுகளால் சின்னச் சின்னக் கொலாஜ்கள் செய்து, அவற்றைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக நகலெடுத்தார். சின்ன முகங்கள் சுவரளவுக்கு வந்தபோது அவற்றின் பலமே மாறிவிட்டது. நமக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. தீப்பெட்டி லேபிளை நான்கு மடங்காக்கினால் அச்சுப் புள்ளிகள் தெரியத் தொடங்கும், அந்தப் புள்ளிகளே ஒரு புதுத் தாள். லேசர் பிரிண்டில் எடுங்கள். இங்க்ஜெட் மை பசை ஈரம் பட்டால் கரைந்து ஓடும்.

கண்ணை மட்டும் நம்பிச் செய்கிறவர்களுக்கு வினோத் பிஹாரி முகர்ஜியை நினைவூட்டுவேன். சாந்திநிகேதன் ஓவியர், 1904இல் பிறந்தவர். 1950களில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வையை முழுவதும் இழந்தார். அதன் பிறகு வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி அவர் செய்த உருவங்கள் அவ்வளவு தெளிவு. நீங்கள் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு தாளைக் கிழித்துப் பாருங்கள். தாளுக்கு இழை போகும் திசை ஒன்று உண்டு. அந்தத் திசையில் நேராகக் கிழியும், குறுக்கே போனால் கோணும். எந்தத் தாளைக் கத்தரிப்பது, எதைக் கிழிப்பது என்று விரல் சொல்லும்.

ஒட்டுவது

அடி அட்டைக்கு நாள்காட்டியின் பின்னட்டை அருமை. கெட்டி, இலவசம். முதலில் அதன் இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள் ஒட்டிக் காயவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டை வளையும்.

ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, துண்டின் பின்பக்கம் நடுவிலிருந்து வெளியே மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். தடவியதும் சில நொடி விடுங்கள். தாள் ஈரத்தில் விரிந்து அடங்கட்டும், பிறகு வைத்தால் சுருக்கம் குறையும். மேலே பட்டர் பேப்பர் வைத்துக் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தேய்த்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். மைதாப் பசை காய்ச்சியும் செய்யலாம், பழகுவதற்கு அது போதும். ஆனால் நம் ஈரக்காற்றில் பூஞ்சையும் பூச்சியும் வரும். பைண்டிங் செய்கிறவர்கள் அதற்காக மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். வைத்துப் பாதுகாக்க வேண்டிய படத்துக்கு ஃபெவிகால் வகையே நல்லது.

செய்தித்தாளில் மரக்கூழின் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) அப்படியே இருப்பதால் வெளிச்சத்தில் சீக்கிரம் பழுப்பாகும். அந்தப் பழுப்பு உங்களுக்கு வேண்டுமானால் சரி. வேண்டாமென்றால் நல்ல தாளில் லேசர் நகல் எடுத்து அதை ஒட்டுங்கள், சட்டம் போட்ட பிறகு நேர் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

காட்சிக்கு வைக்கவோ விற்கவோ நினைத்தால்

வீட்டில் பழகும்வரை எதை வெட்டினாலும் கேட்பாரில்லை. வெளியே கொண்டுவரும்போது பதிப்புரிமை வருகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவியருக்கு வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டும், புகைப்படத்துக்கு வெளியான பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. 1906இல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்களைத் தாராளமாக எடுக்கலாம். 1976இல் மறைந்த கொண்டையா ராஜுவின் படைப்புகளுக்கு 2036 முடியும்வரை உரிமை இருக்கிறது. வெட்டி மாற்றிவிட்டேன், அதனால் என்னுடையது என்று எல்லா நேரமும் சொல்லிவிட முடியாது. ஒரு படத்தை முழுதாக எடுத்துப் பின்னணியை மட்டும் மாற்றினால் அது அவருடைய படம்தான்.

தடையில்லாமல் எடுக்க நிறைய இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017இலும் ஸ்மித்சோனியன் 2020இலும் லட்சக்கணக்கான படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. பிரிட்டிஷ் நூலகம் 2013இல் பழைய புத்தகங்களிலிருந்து பத்து லட்சம் படங்களை இணையத்தில் போட்டது. செடி, பூச்சி, மீன் வேண்டுமென்றால் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி. தமிழில் பழைய நூல்களையும் இதழ்களையும் பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஒவ்வொன்றிலும் படத்துக்குக் கீழே இருக்கும் உரிமைக் குறிப்பைப் படித்துவிட்டு இறக்குங்கள்.

ஒன்றும் ஓடாத நாட்களில்

வரும், எல்லோருக்கும் வரும். அன்று படம் செய்ய முயல வேண்டாம். சேர்த்த துண்டுகளைப் போட்டுவைத்த உறைகளை ஒழுங்குபடுத்துங்கள், பிளேடு மாற்றுங்கள், பின்பக்கக் குறிப்புகளைப் படியுங்கள். ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, அதிலிருக்கிற எதையும் தூக்கிப்போடாமல், வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், வெட்டி இடம் மாற்றி மட்டும் ஒரு படம் செய்து பாருங்கள். அதுவும் முடியவில்லையா, எடைக்கடைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

படம் முடிந்ததும் வெட்டி எறிந்தவற்றைக் கூட்டிப் பெருக்குவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். என் கைத் தொடர் முடிந்தபோது தரையில் கிடந்தவை சோப்புகளும் புட்டிகளும் தம்ளர்களும், ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரல் நுனிகள் ஒட்டிக்கொண்டு. அவற்றை ஓர் உறையில் போட்டு, மேலே "யாருடைய விரல்?" என்று எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, தாள்கள் எங்கிருந்து வந்தன, செய்யும்போது எழுந்து இன்னும் பதில் கிடைக்காத கேள்வி, இந்த மூன்றையும் எழுதுங்கள். அடுத்த மாதச் சேர்ப்பை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.